குழல் மைக்கில் வந்த இரண்டாவது குரல்

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு, வேலப்பன்சாவடியில் அந்தக் கல்லூரி அரங்கத்தில், நான் மைக் பெட்டியைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், என் கூட்டாளி அந்தோணி, விழாப் பொறுப்பில் இருந்த பேராசிரியர் ஒருவர், கதவருகே ஒரு வாட்ச்மேன், நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், மேடையின் இடது பக்கம் தங்கள் சாமான்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பேண்டின் நாலு பேர். மொத்தம் பத்து.

இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. நோட்டில் இருக்கிறது. சவுண்ட் சர்வீஸில் இருந்த முப்பத்து சொச்சம் வருஷமும் பெட்டியைத் திறந்தவுடன் முதல் வேலை, யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதுவது. ராத்திரி ஒரு மைக் குறைந்தால் யாரைக் கேட்பது? அதற்குத்தான். அந்தோணி கிண்டல் செய்வான். "இன்னா மாமே, இன்னும் எழுதிக்கினே கீற? சாட்சிக்கு இட்டாறப் போறியா எல்லாரையும்?"

நீங்கள் இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நல்ல மிக்ஸர் இருக்கிறது, போனிலேயே சத்தத்தை ஏற்றி இறக்குகிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். உங்களுக்கு மெஷின் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன். நான் செய்த தப்பு இது. சுற்றி வளைத்து வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று பல நாள் பார்த்தேன். முடியவில்லை.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். நான் மிக்ஸரை விட்டு எழ மாட்டேன். ஒன்றுக்குப் போவது கூட அந்தோணியை உட்கார வைத்துவிட்டுத்தான். காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஆவடியில் ஒரு கல்யாணம். பந்தி போட்டுவிட்டார்கள், பத்தே நிமிஷம் என்று எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளைப் பையனின் சிநேகிதர்கள் எல்லாப் பட்டனையும் மேலே தள்ளிவிட்டார்கள். இரண்டு ஸ்பீக்கர் போயிற்று. என் ஓனர் என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஆறு மாசம் ஸ்டேண்ட் மட்டும் தூக்க வைத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அதிலிருந்து யாராவது "கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டால், எதற்கு என்னை எழுப்பப் பார்க்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

கல்லூரியில் அன்றைக்கு நடந்தது ஒரு போட்டி. பழைய சங்கீதத்தில் ஒன்றை எடுத்து, பேண்டுகள் தங்கள் பாணியில் மாற்றி வாசிக்க வேண்டும். எட்டு பேண்ட். முதல் பரிசு நாற்பதாயிரம். ஒரே ஒரு விதி கண்டிப்பானது: எல்லாம் மேடையில் கையால் வாசிக்க வேண்டும், முன்பே பதிவு செய்த டிராக் எதுவும் ஓடக் கூடாது. சுருதிப் பெட்டிக்கு மட்டும் விலக்கு.

பேராசிரியர் என்னிடம் வந்து சொன்னார்: "சார், ஜட்ஜுங்க பாட்டுல பெரியவங்க. ஆனா எவனாவது உள்ளுக்குள்ள டிராக்கை ஓட விட்டா அவங்களுக்குத் தெரியாது. அது உங்க மிக்ஸர்லதான் தெரியும். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் எங்களுக்கு."

எட்டாவதோடு நின்றவனைப் பார்த்து ஒரு பேராசிரியர் சார் என்கிறார், நீங்கள் சொல்வதுதான் என்கிறார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே வேறு யோசனை. கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால்? நாளைக்கு யாராவது வீடியோ போட்டு, சவுண்ட்காரன் தூங்கிவிட்டான் என்று எழுதினால்? அப்போதே முடிவு செய்துவிட்டேன், எட்டில் ஒருத்தனாவது செய்வான் என்று. இப்போது யோசித்தால் அங்கேயே வேலை கெட்டுப்போய்விட்டது. தேட ஆரம்பித்தவனுக்குக் கிடைக்காமல் போகாது.

நான் சொன்ன அந்த நாலு பேர் ஐந்தாவதாக வாசிக்க வேண்டியவர்கள். ஆனால் காலையிலேயே எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார்கள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கிடார் வாசிக்கும் ஜோயல் ஆவடிப் பையன். டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிடாருக்கு ஒருவர். குழல் வாசித்தது இசக்கி என்ற பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஐடி கம்பெனி வேலை, நூம்பலில் பிளாட்டில் இருக்கிறாள். சாதாரண மூங்கில் குழல்தான். ஆனால் அதில் ஒட்டும் ஒயர் இல்லாத மைக்கைச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தாள். மேடையில் ஒரு சின்ன மேஜை போட்டு, அதன் மேல் அந்த மைக்கின் ரிசீவர், பக்கத்தில் எக்கோ கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்.

"லேப்டாப் இன்னாத்துக்கு?" என்று கேட்டு வர அந்தோணியை அனுப்பினேன்.

போய்விட்டு வந்து சொன்னான்: "தம்புரா ஓட்றதுக்காம். சுருதி."

"அதுக்கு போன் போதுமே. போன்ல ஓட்ட மாட்டாங்களா?"

"எனுக்கு இன்னா தெரியும்? உன் வேலை சந்தேகப்பட்றது, என் வேலை கேபிள் இழுக்கறது. நான் என் வேலையப் பாக்கறேன்."

அந்த மேஜையிலிருந்து இரண்டு கேபிள் என் மிக்ஸருக்கு வந்தது. ஒன்று லேப்டாப்பிலிருந்து. இன்னொன்று எக்கோ பெட்டி வழியாகக் குழல். இரண்டும் ஒரே மேஜை, இடையில் ஒரு ஜாண் இடம் இல்லை. நோட்டில் அதைப் படம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனங்கள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பேண்டுக்கும் ஐந்து நிமிஷம் சத்தம் பார்க்கக் கொடுத்தோம். இவர்கள் முறை வந்தபோது இசக்கி மேடையிலிருந்து கையை ஆட்டினாள். எனக்கும் மேடைக்கும் அறுபது அடி இருக்கும். நான் எழவில்லை. அந்தோணி போய் வந்தான்.

"மாமே, அந்தப் பொண்ணு உன்னைய மேடைக்கு வரச் சொல்லுது. கிட்ட நின்னு கொழல ஒரு தபா கேட்டுட்டுப் போவச் சொல்லுது."

"இங்கதான் கேக்குதே."

"அதத்தான் நானும் சொன்னேன். இல்ல அண்ணாச்சிய ஒரே ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்கன்னுது."

அண்ணாச்சி. மளிகைக் கடையில் கூப்பிடுகிற மாதிரி. எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: என்னை மிக்ஸரை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள். ஒரு நிமிஷம் நான் மேடையில் நின்றால் இங்கே என்ன நடக்கும்? ஜோயல் வேறு அந்த நேரம் மிக்ஸர் பக்கமாகத் தண்ணீர் பாட்டில் எடுக்க வந்தான். போதுமே. "டயம் இல்லைன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டேன்.

பிற்பகல் போட்டி ஆரம்பித்தது. மூன்றாவது பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு பேண்டின் ஆள் ஒருவன் எனக்கு டீ கொண்டுவந்தான். நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். "எடுத்துக்குங்கண்ணா. காலைலேருந்து நகராம உக்காந்திருக்கீங்க" என்றான். பிறகு மெதுவாக, "அடுத்தாப்ல வர்ற ஒரு பேண்ட் லேப்டாப் வெச்சிருக்காங்கண்ணா. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னேன்."

அவனையும் நான் நம்பவில்லை. போட்டிக்கு வந்தவன் சவுண்ட்காரனுக்கு ஏன் டீ வாங்க வேண்டும்? டீயைத் தொடவில்லை, ஆறி ஆடை கட்டிவிட்டது. அவன் சொன்னதை மட்டும் குடித்துவிட்டேன்.

ஐந்தாவதாக இசக்கியின் ஆட்கள் மேடை ஏறினார்கள். ஒரு வர்ணம் எடுத்தார்கள். ராகம் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. முதலில் குழல் மட்டும், கச்சேரியில் வாசிக்கிற மாதிரியே, ஒழுங்காக. பிறகு டிரம்ஸ் நொண்டி நடக்கிற மாதிரி ஒரு தாளத்தோடு உள்ளே வந்தது. பேஸ் கிடார் மாடிப்படியில் யாரோ ஏறி இறங்குவது போல அதன் பின்னால். கிடார் கரகரவென்று பற்றிக்கொண்டது. குழல் பாட்டை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. தொலைந்துவிட்டாள் என்று நினைக்கும்போது, சரியாக அந்த முதல் வரியின் தலையில் வந்து இறங்கியது. பின்னால் கேட்டபோது ஜோயல் அதை ஜாஸ் என்று சொன்னான். எனக்கு அன்றைக்கு அந்தப் பேர் தெரியாது. முதுகு சிலிர்த்தது மட்டும் தெரியும்.

அந்தச் சிலிர்ப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் குழல் திரும்பி வந்து இறங்கியபோது தனியாக வரவில்லை. அதற்குக் கீழே இன்னொரு குரல் கூடவே வந்தது. கனமாக, உறுமுகிற மாதிரி, அதே வரியை அதே நேரத்தில். மேடையை எண்ணினேன். நாலு பேர். காதால் எண்ணினேன். ஐந்து.

லேப்டாப் சத்தத்தை முழுக்கக் கீழே இறக்கினேன். தம்புரா நின்றது. இரண்டாவது குரல் நிற்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும், அப்படியானால் லேப்டாப் இல்லை என்று விட்டிருப்பார்கள். நான் ஹெட்போனை மாட்டிக் குழல் மைக்கை மட்டும் தனியாகக் கேட்டேன். அதில் இரண்டு குரலும் இருந்தன. அடப்பாவிகளா, என்று நினைத்தேன், லேப்டாப் கேபிளில் விட்டால் பிடித்துவிடுவான் என்று எக்கோ பெட்டிக்குள்ளேயே டிராக்கைக் கலந்து குழல் மைக் வழியாக அனுப்புகிறார்கள். எவ்வளவு மூளை. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம் கூட வந்தது. என்னை விடவா என்று.

பாருங்கள், இதுதான் இதில் மோசம். லேப்டாப்பை இறக்கியதும் குரல் நின்றிருந்தால் அது சாட்சி. நிற்காததால் அது இன்னும் பெரிய சாட்சி. எந்தப் பக்கம் விழுந்தாலும் குற்றவாளி அவள்தான் என்று ஆன பிறகு, நான் செய்தது சோதனையே இல்லை.

எட்டு பேண்டும் முடிந்து, முடிவு சொல்லப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேராசிரியர் ஓடிவந்தார். "சார், சீக்கிரம். யாராவது டிராக் ஓட்டினாங்களா?"

பத்து நிமிஷம் இருந்தது. மேடையில் அந்த மேஜை இன்னும் இருந்தது. பெட்டியைத் திறந்து காட்டு என்று கேட்டிருக்கலாம். இன்னொரு தடவை வாசி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எழ வேண்டும், அறுபது அடி நடக்க வேண்டும்.

"அஞ்சாவது பேண்ட்" என்றேன். "குழல் மைக்குல டிராக் வந்தது."

"நிச்சயமா?"

"என் காதால கேட்டேன் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேளை சொன்னீங்க. இல்லன்னா அவங்களுக்குத்தான் குடுத்திருப்போம்."

விதியை மீறியதால் ஐந்தாவது பேண்ட் போட்டியில் இல்லை என்று அறிவித்தார்கள். என் மைக்கில், என் ஸ்பீக்கரில். நாற்பதாயிரம் டீ கொண்டுவந்தவனின் பேண்டுக்குப் போனது. இசக்கி ஜட்ஜுகளைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் போய்ப் பார்த்தாள். தெரியாமல் ஏதாவது ஓடிவிட்டதோ என்று தேடுகிற மாதிரி. அதை நான் பார்த்தேன். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஜோயல் என்னிடம் வந்தான். "அண்ணா, நீங்கதான் மிக்ஸர்ல இருந்தீங்க. டிராக் எதுவும் ஓடலன்னு நீங்க சொன்னா நம்புவாங்கண்ணா. கொஞ்சம் வந்து சொல்லுங்களேன்."

நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அவங்களக் கேளு."

தப்பு செய்தது ஒன்று. இது வேறு. இதை அந்தோணிக்கே ரொம்ப நாள் சொல்லவில்லை.

சாமானைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மெட்ரோ தூண் வேலையில் வண்டி நகரவே இல்லை. அந்தோணி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்: "எனுக்கு இன்னாவோ அந்தப் பொண்ணு திருட்டு மூஞ்சியாத் தெரியல மாமே."

"திருட்றவன் மூஞ்சில எழுதிக்கினா வருவான்?"

"அப்ப என் மூஞ்சி எப்டி கீது?"

"மைக் எல்லாம் சரியா கீதா எண்ணினியா?"

"பாத்தியா" என்றான். பிறகு சென்னீர்குப்பம் வரை ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த பொங்கலுக்கு நூம்பலில் ஒரு பிளாட்டில் குடியிருப்போர் சங்கத்து விழா. ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துகிற இடத்தில் பந்தல். உறியடி, கோலப்போட்டி, குழந்தைகள் டான்ஸ். சின்ன வேலைதான். நிகழ்ச்சித் தாளில், சி பிளாக் இசக்கி, புல்லாங்குழல் என்று இருந்தது. பேரைப் பார்த்ததும் தாளை மடித்துப் பையில் வைத்தேன். என்னை அடையாளம் தெரியுமா? தெரிந்தால் வம்பு பண்ணுவாளா? வேண்டுமென்றே என்னைக் கூப்பிடச் சொல்லியிருப்பாளா? எல்லாம் ஓடியது.

வந்தாள். மஞ்சள் சுடிதார், கையில் ஒரே ஒரு குழல். பெட்டி இல்லை, லேப்டாப் இல்லை. என் மைக்கில்தான் வாசிக்க வேண்டும். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அதே வர்ணம். கூட யாரும் இல்லாததால் காலால் தாளம் போட்டுக்கொண்டு. ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டும்தானாம். ஸ்பீக்கர் செத்தது. மிக்ஸரில் ஒரு விளக்கு இல்லை. அவள் நிறுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். குழல் பாட்டை விட்டு எங்கேயோ போனது. திரும்பி வந்து இறங்கியது.

கூடவே அந்த இரண்டாவது குரல்.

என் புத்தி எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். "அந்தோணி, பின்னாடி பாரு, பேட்டரி ஸ்பீக்கர் எங்கயாவது வெச்சிருக்குதா."

"எங்க மாமே, சுடிதாருக்குள்ளயா? சும்மா இரு."

மிக்ஸரில் கரண்ட் இல்லை, யாரும் எதையும் கெடுக்க முடியாது. அதனால்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். நடந்தேன். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். அவள் தொண்டை துடித்தது. குழலுக்குள் ஊதிக்கொண்டே, அதே மூச்சில், அடித்தொண்டையால் பாடுகிறாள். உதட்டிலிருந்து குழலின் ஓசை, தொண்டையிலிருந்து அந்த உறுமல். ஒரே ஆள். ஒரு மைக்குக்கு முன்னால் இரண்டும். அதைத்தான் அன்றைக்குக் கிட்ட வந்து கேட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தெரியாத சவுண்ட்காரர்கள் அதை இரைச்சல் என்று வெட்டிவிடுவார்களாம். எங்கே போனாலும் முதலில் கூப்பிட்டுக் காட்டுவாளாம். பிறகு சொன்னாள்.

நாற்காலி மடக்கும் வரை நான் பேசவில்லை. பேசாமலே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கே தெரியாது, பிற்பாடு விசாரித்ததில் அந்த டீ கொண்டுவந்தவனின் பேண்ட்தான் ஏதோ கோள் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அது எனக்கு வசதி. கேபிளைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன். அந்தோணி கவனித்துவிட்டான்.

"இன்னா மாமே?"

"அன்னிக்கி சொன்னது நான்தான்டா. டிராக் ஓடிச்சுன்னு."

"அது எனுக்குத் தெரியும்" என்றான். "நீ அந்தப் பையன்கிட்ட தெரியாதுன்னு சொன்னப்ப பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். போ. போய்ச் சொல்லு. நான் மைக்க எண்ணிக்கறேன்."

போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும், ஜோயலிடம் சொன்ன பொய்யையும். அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். குழலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"அண்ணாச்சி, அதுக்கப்புறம் மூணு காலேஜ்ல எங்களக் கூப்பிட்டுட்டு வேண்டாம்னுட்டாங்க. டிராக் பேண்ட்னு பேரு. பேஸ் வாசிக்கிறவர் விட்டுட்டுப் போயிட்டாரு. நான் அந்த லேப்டாப்ப எத்தன நாள் நோண்டிருப்பேன் தெரியுமா? என்னமோ நானே தெரியாம எதையோ ஓட விட்டுட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

குழலைச் சுற்றி முடித்தாள்.

"அறுபது அடிதான இருக்கும்?" என்றாள். "வந்திருக்கலாம்லா."

மறுநாள் பேராசிரியருக்குப் போன் செய்தேன். சார், அன்றைக்கு நான் சொன்னது தப்பு, டிராக் இல்லை, அந்தப் பெண் தொண்டையாலும் பாடுகிறாள், இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "இப்படிச் சொல்றதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். நேரில் போனேன். ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்தில், எழுத்துப் பிழையோடு. வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். பரிசு கொடுத்தாயிற்று, கோப்பு மூடியாயிற்று, அன்றைக்கு நிச்சயமா என்று நான் கேட்டதற்கு என் காதால் கேட்டேன் என்றீர்களே, இப்போது எந்தக் காதால் கேட்டீர்கள் என்றார். ஆமாம் என்று சொன்னபோது ஒரு சாட்சி கேட்கவில்லை. இல்லை என்று சொன்னபோது என் வார்த்தைக்கு மதிப்பே இல்லை.

அதனால் தம்பிகளா, தங்கச்சிகளா, மிக்ஸரில் உட்கார்ந்துகொண்டு யாரைப் பற்றியாவது ஏதாவது சொல்லும் முன் எழுந்து நடங்கள். மைக் வைப்பதற்கு முன்னால், மைக் இல்லாமல் ஒரு தடவை ஆள் பக்கத்தில் நின்று கேளுங்கள். சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நம் தொழிலில் சந்தேகம் இல்லாதவனிடம் மைக் மிஞ்சாது. ஆனால் சந்தேகப்பட்டால் கடைசி வரை சந்தேகப்படுங்கள், உங்கள் காதையும் சேர்த்து. நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். ஹெட்போனுக்குள் இருந்த ஆளை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

கல்லூரி கைவிரித்ததும் நான் இசக்கியிடமும் ஜோயலிடமும் போய், உங்கள் நிகழ்ச்சிக்கெல்லாம் இனி இலவசமாக சவுண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். ஜோயல் சரி என்கிற மாதிரிதான் இருந்தான். இசக்கி ஒப்புக்கொள்ளவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. சும்மா சவுண்ட் போட்டா நீங்க எங்களுக்கு உதவி செஞ்ச மாதிரி ஆயிரும். எங்களுக்கு வர வேண்டியது நாப்பதாயிரம். காசாக் குடுங்க. எப்ப முடியுதோ அப்பப்ப குடுங்க."

அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. அந்த வருஷமே காதில் ரொம்ப நாளாக இருந்த கொய்யென்ற சத்தம் அதிகமாகி, டாக்டர் இனி ஸ்பீக்கர் பக்கம் போகாதே என்றுவிட்டார். தொழிலை அந்தோணியிடம் விட்டேன். என் பங்குக்கு வந்ததில் முதலில் பத்தாயிரம் கொடுத்தேன். பிறகு மாசாமாசம் ஆயிரத்து ஐந்நூறு. வாங்கியவுடன் என் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணுவாள். என் நோட்டில் அவள் கையெழுத்து, அவள் நோட்டில் என் கையெழுத்து. முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. இப்போது அவள் எண்ணாமல் வாங்கினால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

போன மாசம் ஒன்பதாவது மாசத் தவணை கொடுக்கப் போனபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பேஸ் கிடாருக்குப் புது ஆள் வந்திருக்கிறார். "ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி, கிட்ட வந்து கேட்டுட்டுப் போங்க" என்றாள் இசக்கி. அதே வார்த்தை. கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை.

போய் ஒரு கை தூரத்தில் நின்றேன். குழல் போய்த் திரும்பி வந்து இறங்கியது. கீழ்க்குரல் என் காதுக்கு வரவில்லை. அந்தக் கனமெல்லாம் கொய்யென்ற சத்தத்தில் போய்விட்டது. அவள் தொண்டையைப் பார்த்தேன். துடித்தது. சரி, வருகிறது என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். இருந்தவர்கள்: நான், இசக்கி, ஜோயல், டிரம்ஸ்காரர், புதிதாக வந்த பேஸ்காரர். மொத்தம் ஐந்து. கொடுத்தது இதுவரை இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. பாக்கி பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.